எட்டுப் பரப்புக்கு எத்தனை குதிரை?

எனக்குச் சோற்றையும் பேச்சையும் ஒரே அகப்பையால் அள்ளிப்போட்ட என் சின்னம்மா,

உங்கள் பெயரில் ஓர் உழவு இயந்திரம் வரப்போகிறதாம். சக்கரம் நாலு, ஊர்ப்பேச்சில் நாலு சில்லு. ஐம்பது குதிரை வலு. சிவப்பு நிறம். முன்மூடியின் இரண்டு பக்கமும் உங்கள் பெயர், பிறந்த நாள், போன நாள். கனடாவிலிருந்து உங்கள் அண்ணன், குகன் மாமா, வாங்கித் தருகிறார் என்று ஒரு மாதத்துக்கு முன் ஊர் முழுக்கப் பேச்சு. "உனக்கென்ன பிள்ளை, இனி மேலயிருந்து உழலாம்" என்று என்னைக் கண்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் கேளாமல் ஒரு பெரிய பொருளைத் தந்தால், ஏன் தருகிறார் என்று யோசிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு. அது உங்களிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்லுவார். இருக்கலாம். மீன்காரரின் தராசுத் தட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் நீங்கள் ஒருநாளும் மீன் வாங்கியதில்லையே.

முதலில் வீட்டுச் செய்தி. உங்களைக் கொண்டுபோய் ஆறு மாதம். அம்மா பழையபடி தம்பியோடு வவுனியாவில். நான் யாழ்ப்பாணத்துப் போன் கடை வேலையை விட்டுவிட்டு, புங்குடுதீவு இறுப்பிட்டியில், நான் வளர்ந்த உங்கள் வீட்டில் இருக்கிறேன். இந்த முறை ஆடியிலேயே கிணறு உப்பாகிச் சவர்க்கத் தொடங்கிவிட்டது. உங்கள் பழைய இரண்டு சில்லு, ஊரில் லான்ட்மாஸ்டர் என்று சொல்கிற, கைபிடியைப் பிடித்துப் பின்னால் நடந்து உழுகிற அந்த மெசின், முடிந்துவிட்டது. எஞ்சின் வெடித்து எண்ணெய் கக்குகிறது. வேலணையிலிருந்து வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புரட்டாதிக்குள் உழுது விதைக்காவிட்டால் இந்த வருசம் நெல் இல்லை. ஆகவே ஒரு மெசின் வேண்டும் என்பது உண்மை. எவ்வளவு பெரிய மெசின் என்பதில்தான் வில்லங்கம் தொடங்கியது.

மாமாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மெசின் பழுது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மறுநாளே போன்.

"பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசியாத. தங்கச்சியின்ர நினைவா ஏதாவது செய்யோணும் எண்டு நானும் நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான். அம்பது குதிரை. கடையிலயிருந்து ஆள் வருவார்."

"அம்பது பெரிசு மாமா. எனக்கு ஒரு சின்ன இரண்டு சில்லுக் காணும், அது போதும்."

"உனக்குக் காணும். ஊருக்குக் காணுமோ?"

இதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம். உழப்போவது நான். இதற்குள் ஊர் எங்கே வந்தது?

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு மாமா அச்சடித்த நினைவு மலரை நீங்கள் பார்க்கவில்லை. அதில் உங்களை 'நிலக்கிழார் குடும்பத்தின் ஒளிவிளக்கு' என்று போட்டிருந்தார். முழங்கால் வரை சேற்றோடு நீங்கள் மெசினைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை நான்தான் அனுப்பினேன். அதை விட்டுவிட்டு, ஆருடையதோ கலியாணத்தில் இரவல் சங்கிலியோடு எடுத்த படத்தைப் போட்டார். வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய எதிலும் இங்கே செத்தவர் ஒருவரின் பெயர் இருக்கிறது. பஸ் நிற்கிற கொட்டிலில், கோயில் மடத்து வாசலில், தண்ணீர் வராத தண்ணீர்த் தொட்டியில். ஆள் இருக்கிற வீட்டைவிடப் பெயர் இருக்கிற சுவர் இந்தத் தீவில் கூடிவிட்டது. அந்த வரிசையில் உங்களையும் நிறுத்தப் போகிறார்களா என்று எனக்கு எரிச்சல். அப்போதைக்கு எரிச்சல் மட்டும்தான்.

கடை முகவர் யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசல் படலைக்கு வெளியே, குறுகலான ஒழுங்கைப் பாதையில் நின்றபடியே, படம் போட்ட புத்தகம் ஒன்றை விரித்தார்.

"இதுதான் தங்கச்சி மாமா சொன்ன சாமான். ஏறி இருந்தீங்களெண்டா மகாராணிதான்."

"காணியைப் பாக்கேல்லையோ அண்ணை?"

"காணி எங்க ஓடப்போகுது? பதினொரு பரப்புக்கு இது அளவான சாமான். வரம்பு கிரம்பு இருந்தா ஒருக்காச் சமப்படுத்தி விட்டா, பிறகு ஒரே இழுவைதான்."

நான் அவருக்குக் காணியின் அளவைச் சொல்லவே இல்லை, சின்னம்மா. வரம்பைப் பற்றியும் சொல்லவில்லை. அவருடைய படிவத்தில் பதினொரு பரப்பு என்று ஏற்கனவே எழுதியிருந்தது.

"எங்களுக்கு எட்டுப் பரப்பு."

"மாமா பதினொண்டு எண்டல்லோ சொன்னவர்?"

"எட்டு."

"சரி, அது நீங்கள் உங்களுக்குள்ள கதையுங்கோ" என்று புத்தகத்தை மடித்தார். சப்பாத்தில் ஒரு மண் துகள் இல்லாமல் வந்தார், அப்படியே போனார்.

எந்த மூன்று பரப்பு என்று உங்களுக்குத் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வயல் ஐந்து, மூன்று என்று இரண்டு துண்டு, மொத்தம் எட்டுப் பரப்பு. அதற்குக் கிழக்கே, ஒரு வரம்புக்கு அங்கால், செல்வியக்காவின் மூன்று பரப்பு. பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர் என்று தெரிந்தவர்களுக்கு, இது எவ்வளவு சின்ன நிலம் என்று விளங்கும். ஒரு காலத்தில் பதினொன்றும் உங்கள் தகப்பன், எங்கள் அப்புவுடையது. சண்டைக் காலத்தில் ஊரே எழும்பி ஓடியபோது, செல்வியக்காவின் தாய் ஓடவில்லை. எங்கள் வீட்டுக் கதவையும் நிலையையும் ஒருவரும் கழற்றிக்கொண்டு போகாமல் பார்த்தவர் அவர்தான். திரும்பி வந்ததும் நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டுபோய், கிழக்கு மூலையைக் காட்டி, "இனி இது உங்கட" என்றீர்கள். அந்த ஆவணியே நடுவில் ஒரு வரம்பு எழும்பியது.

இங்கே வேலி இல்லாத வயலுக்கு வரம்புதான் உறுதி, அதுதான் காணிப் பத்திரம். ஆவணியில் எவர் மண் வெட்டி வரம்பை அணைக்கிறாரோ, அந்தப் பக்கத்து நிலம் அவருடையது. அடுத்தவருடைய பக்கத்தில் ஒரு வெட்டு மண் போட்டாலும் சண்டைதான். அந்த வரம்பின் கிழக்குப் பக்கத்தை இத்தனை வருசமும் செல்வியக்கா வீட்டார் அணைத்தார்கள். மேற்குப் பக்கத்தை நீங்கள் அணைத்தீர்கள்.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். பெரிய மெசின் வந்தால் அது திரும்ப இடம் வேண்டும். திரும்ப இடம் வேண்டுமென்றால் வரம்பு போக வேண்டும். வரம்பு போனால் எட்டு பதினொன்றாகும். ஒருவரையும் அடிக்காமல், வழக்குப் போடாமல், ஒரு காலை நேர உழவில் மூன்று பரப்பைத் தின்னலாம். அதுவும் உங்கள் பெயர் எழுதிய மெசினால். மாமா ஒரு நல்ல மனிதர்போலத்தான் போனில் சிரிக்கிறார். நல்ல மனிதர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

சந்தேகப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு ஏலாது. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனேன். ஒழுங்கை எட்டரை அடி. அந்த மெசின் தன் சுழல் கலப்பையோடு ஆறரை அடி. போகும், ஆனால் இரண்டு பக்கமும் வேலிக் கதியாலை உரசிக்கொண்டுதான் போகும். எங்கள் மூன்று பரப்புத் துண்டின் அகலம் ஐம்பத்தெட்டு அடி. வயல் முடிகிற ஒவ்வொரு தலைப்பிலும் திரும்புவதற்கு ஏறக்குறைய ஒரு மெசின் நீளம் விடவேண்டும். விட்ட இடத்தைப் பிறகு மண்வெட்டியால்தான் கொத்தவேண்டும். அப்படியென்றால் மெசின் எதற்கு?

பிறகு அலவாங்கு என்கிற கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். எட்டு இடத்தில் குத்தினேன். ஆறு இடத்தில் ஒரு சாணுக்குக் கீழே கல் ணங் என்றது. சுண்ணக்கல்லின் மேலே ஒரு போர்வை விரித்த மாதிரித்தான் எங்கள் மண். இரண்டு தொன் பாரம் ஈரத்தில் அதன்மேல் நாலுதரம் போய்வந்தால், மண் இறுகி, மழைத்தண்ணீர் கீழே இறங்காது. கிணறு இன்னும் சவர்க்கும். இதை யோசிக்க எந்தப் படிப்பும் தேவையில்லை. ஒருமுறை காணிக்குள் இறங்கினால் போதும்.

நான் அலவாங்கோடு நிற்பதைக் கண்டு செல்வியக்கா வந்தார்.

"என்ன பிள்ளை, புதையல் தேடுறீரோ?"

"மாமா அம்பது குதிரையில மெசின் அனுப்பப் போறாராம் அக்கா."

"அம்பது குதிரையோ! கட்டுறதுக்கே எங்கட காணி காணாதே." சிரித்தார். பிறகு வரம்பைப் பார்த்தார். "உது வந்து திரும்பினா என்ர துண்டு அதின்ர சில்லுக்குள்ளயே ஒட்டிக்கொண்டு போயிடும்."

"வரம்பில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்."

"நீர் சொல்லுறீர்" என்றார். அவ்வளவுதான். அந்த 'நீர் சொல்லுறீர்' நம்பிக்கையா, நக்கலா என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அன்று பின்னேரமே மாமாவுக்குக் காணொளி அழைப்பு எடுத்தேன். அளந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்கிற மாதிரி இருந்தது. முடிவில் என்ன சொன்னார் தெரியுமா?

"எல்லாம் சரி. ஆனா இரண்டு சில்லில பேரை எங்க பிள்ளை எழுதுறது? கைபிடியிலயோ?"

முதலில் பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. எழுத்தின் மாதிரியைக்கூட அனுப்பினார். மஞ்சள் எழுத்து, சிவப்பு நிலம், நடுவில் உங்கள் படம். இருபது குதிரையில் ஒரு சின்ன நாலு சில்லு இருக்கிறதே என்று கேட்டேன். அதன் முன்மூடியில் 'நினைவாக' வரை எழுதலாமாம், குடும்பத்தின் பெயர் வராதாம். ஆகவே சின்னம்மா, இறுப்பிட்டியில் ஓர் உழவு இயந்திரத்தின் அளவைத் தீர்மானிப்பது மண்ணுமல்ல, மழையுமல்ல. செத்தவரின் பெயரின் நீளம். உங்களுக்குச் சின்னப் பெயராக வைத்திருக்கலாம்.

"அது கிடக்கட்டும் மாமா. முகவருக்குப் பதினொரு பரப்பு எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"பதினொண்டு எண்டபடியாத்தான்."

"எட்டு. மூண்டு செல்வியக்காவின்ர."

"எந்தச் செல்வி?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டாரா? "எனக்கு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை. உறுதியில பதினொண்டு. அலுமாரியத் திறந்து பாத்திட்டுக் கதை."

எட்டு என்று காட்டி அவருடைய வாயை மூடலாம் என்றுதான் அலுமாரியைத் திறந்தேன். உங்கள் சேலைகளுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் உறுதி இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன் எழுதியது. உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்க உங்களுக்குச் சீவிய உருத்து, உங்களுக்குப் பின் எனக்கு. விஸ்தீரணம், பதினொரு பரப்பு. கிழக்கெல்லை, ஒழுங்கை. கிழக்கெல்லை செல்வி என்று எங்கேயும் இல்லை.

கீழே என் கையொப்பம்.

சந்தேகம் பிடித்தவள் என்று ஊரில் பெயர் எடுத்த நான், உறுதி எழுதிய அந்த நொத்தாரிசின் மேசையில் ஒரு வரி வாசிக்காமல் ஒப்பம் வைத்திருக்கிறேன். அவர் சத்தமாக வாசித்தது நினைவிருக்கிறது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கதிரையில் நேராக இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பதினொரு பரப்பு என்று அவர் வாசித்தபோது நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை, சின்னம்மா? பழைய உறுதியை அப்படியே பார்த்து எழுதியதால் வந்த பிழையா? பிறகு திருத்தலாம் என்று விட்டீர்களா? அல்லது கொடுத்ததை எழுத்தில் கொடுக்காமல் வைத்திருந்தால், அவர்கள் எப்போதும் உங்களைக் கண்டால் எழும்பி நிற்பார்கள் என்பதாலா? இந்தக் கடைசிக் கேள்வியை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மாமாவிலும் முகவரிலும் பட்ட சந்தேகத்தை உங்களில் மட்டும் படாமல் விட்டால் அது சந்தேகமே இல்லை, சொந்தம்.

இனி என் பங்கு. உறுதியைப் பார்த்த பிறகு செல்வியக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் இல்லை, பன்னிரண்டு நாள். உறுதியை மடித்து அதே இடத்தில் வைத்தேன். எட்டுக்கு இரண்டு சில்லுப் போதும். பதினொன்று என்றால் இருபது குதிரையில் ஒரு சின்ன நாலு சில்லு வாங்கலாம். கைநோகாமல் இருந்து ஓடலாம். வேலணைப் பக்கமும் கூலிக்கு உழலாம். நாலு ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரு பொம்பிளை மெசினில் போகலாம். நான் இதையெல்லாம் யோசித்தேன். பன்னிரண்டு நாளும் யோசித்தேன். களவெடுக்க நினைக்கவில்லை. கனவு கண்டேன். அந்தக் கனவுக்குள் வரம்பு இல்லை என்பதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் முகவர் மெசினை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். 'ஓடிக் காட்டுறம், பிறகு முடிவெடுங்கோ' என்று. கூடவே டவுணிலிருந்து ஓர் ஓட்டுநர். சில்லுக்குக் கீழே நல்ல சகுனத்துக்குத் தேசிக்காய் வைத்தார்கள். முகவர் தன் போனை உயர்த்திப் பிடித்தார். அதற்குள் மாமா. வேடிக்கை பார்க்க இருபது பேர்.

ஒழுங்கைக்குள் வரும்போதே இரண்டு கதியால் முறிந்தது. வயலுக்குள் முதல் இழுவை அழகு, பொய் சொல்லமாட்டேன். நாங்கள் அரை நாள் மாயும் வேலையை ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் செய்தது. இரண்டாவது இழுவையில் கலப்பை கல்லில் அடித்து, பல் ஒன்று வளைந்து, தேங்காயளவு சுண்ணக்கல்லைக் கிளப்பி மேலே போட்டது. மூன்றாவதில் கிழக்குத் தலைப்பில் திரும்ப இடமில்லாமல் நின்றது. முன்சில்லு வரம்பில் முட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, உந்த வரம்பை வெட்டி விட்டா ஒரே இழுவையில ஒழுங்கை வரைக்கும் போகலாம்" என்றான் ஓட்டுநர்.

முகவர் போனைத் திருப்பி வரம்பைக் காட்டினார். மாமாவின் குரல் வந்தது. "வெட்டச் சொல்லுங்கோ. எல்லாம் எங்கடதானே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உறுதிக்காரி நான்தானே. தலையை ஆட்டினால் போதும். நான் ஆட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செல்வியக்கா மண்வெட்டியோடு வந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் ஒரு வெட்டு மண் எடுத்து, வரம்பில் போட்டு, மண்வெட்டியின் முதுகால் தட்டினார். மறுபடி ஒரு வெட்டு. மறுபடி ஒரு தட்டு. அவருக்கு இரண்டு அடி தள்ளி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கா, விலகுங்கோ. சில்லு பட்டிடும்" என்றான் ஓட்டுநர்.

"நான் என்ர வரம்புக்கு மண் அணைக்கிறன் தம்பி. நீர் உம்மட வேலையைப் பாரும்."

முகவர் கிட்டப் போனார். "எழுத்து ஏதும் இருக்கோ அக்கா?"

எழுத்து இல்லை என்று அவருக்கு ஆர் சொன்னது? இன்றைக்கும் தெரியாது. செல்வியக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. இவளும் எந்தப் பக்கம் என்று பார்க்கிற பார்வை.

"எழுத்து என்னட்டக் கிடக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பதினொண்டும் என்ர பேரில கிடக்கு. அதில மூண்டு எங்கட இல்லை. மெசினைப் பின்னுக்கு எடுங்கோ."

"பிள்ளை! சனத்துக்கு முன்னால என்ன கதை இது?" போனுக்குள் மாமா.

"சனத்துக்கு முன்னாலதான் மாமா கதைக்கோணும்."

"அப்புவின்ர காணியைத் தூக்கி அதுகளுக்குக் குடுக்கிறதுக்கோ நான் இஞ்சயிருந்து..."

அதுகள். அந்த ஒரு சொல் எனக்குக் காணும், சின்னம்மா. மாமா முதலிலேயே திட்டம் போட்டாரா, மெய்யாகவே தெரியாமல் இருந்தாரா என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தெரியாமல் இருந்தவரும் தெரிந்தபிறகு அதே இடத்தில்தான் போய் நின்றார். "இரண்டு சில்லெண்டா என்னட்டக் கதைக்க வேண்டாம்" என்று இணைப்பை அறுத்தார். மெசின் வந்த வழியே பின்பக்கமாகப் போனது. போகும்போது இன்னும் ஒரு கதியால் முறிந்தது.

சனம் கலைந்த பிறகு செல்வியக்கா கேட்டார். "எத்தினை நாளாத் தெரியும்?"

"பன்னிரண்டு நாள்."

"ம்" என்றார். முகவரும் மாமாவும் சொன்ன எல்லாவற்றையும்விட அந்த 'ம்' எனக்குப் பாரம்.

மறு கிழமை நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறி வேலணைக்குப் போனோம். வேறு ஆட்கள் பாவித்த இரண்டு சில்லு மெசின்கள் மூன்று ஒரு வளவில் விற்பனைக்கு நின்றன. உரிமைக்காரர் பதினாலு குதிரையைத்தான் தட்டித் தட்டிக் காட்டினார். "பிறகு சின்னன் எண்டு வந்து நிப்பியள்" என்றார். செல்வியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஓடிப் பாக்கலாமோ?" என்றார். பின்வளவில் இறக்கினோம். நேரே போகும்போது எல்லா மெசினும் நல்ல பிள்ளை. தலைப்பில் கைபிடியைத் தூக்கித் திருப்பும்போதுதான் அதன் குணம் தெரியும். பதினாலு என்னை இழுத்துக்கொண்டு போய் முருங்கையில் மோதியது. பன்னிரண்டை நான் திருப்பினேன், செல்வியக்காவால் ஏலவில்லை. மூன்றாவது ஒன்பது குதிரை, பச்சை நிறம், சில்லுக்கவசம் துருவேறிக் கறள் பிடித்தது. அதை இரண்டு பேரும் ஆளுக்கு நாலு தரம் திருப்பினோம். மூச்சு வாங்கியது, ஆனால் திரும்பியது. ஒரு சாண் மண்ணுக்கு அதன் கலப்பை போதும். வரம்பில் ஏற்றி இறக்க ஒரு பலகை போதும். எங்கள் நிலத்துக்கு இதுதான் அளவு. இதை அறிய இரண்டு பொம்பிளைகளின் தோள்மூட்டுத்தான் தேவைப்பட்டது.

பாதி அவர், பாதி நான் என்று வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் செல்வியக்கா சொன்னார்: "மெசினுக்கெண்டாலும் எழுத்து எழுதுவம் பிள்ளை."

விறாந்தையில் இருந்து எழுதினோம். அவர் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருந்தார். இருந்துவிட்டு, "உம்மட சின்னம்மா காணி காட்டினவ, கதிரை காட்டேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழைய செய்தி ஒன்றைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். உங்களுக்காக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். நானும் இந்த வீட்டில் பத்து வருசம் அந்தக் கதிரைகளில் இருந்து, படியில் இருந்த அவரோடு கதைத்தவள்தானே.

காணியைப் பற்றி நொத்தாரிசிடம் போனேன். முதலில் நில அளவையாளர் வந்து, மூன்று பரப்பையும் பிரித்துப் படம் கீறவேண்டுமாம். பிறகுதான் செல்வியக்காவின் பேருக்கு உறுதி எழுதலாமாம். எல்லாம் முடிய ஐந்து கிழமையாவது, ஒரு மாதத்துக்கு மேல், செல்லும். இதைச் செல்வியக்காவிடம் சொன்னபோது அவர் சந்தோசப்படவில்லை. "எழுதி முடியட்டும். பிறகு சந்தோசப்படுவம்" என்றார். அவர் சொன்னது சரி.

ஐந்து கிழமை நீளம், சின்னம்மா. அதற்குள் மாமா சமாதானமாகக் கதைப்பார். அம்மா வவுனியாவிலிருந்து அழுவார். குடும்பத்துக்குள் பிளவு வேண்டாம் என்று ஆராவது பெரிய மனிதர் தேத்தண்ணீர் குடிக்க வருவார். மழை தொடங்கும், வேலை கூடும், விதைப்பு முடியட்டும் பிறகு பார்க்கலாம் என்று நானே சொல்லத் தொடங்குவேன். அப்படி ஒரு 'பிறகு' சொல்லித்தான் நீங்களும் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்த ஒருத்தியை நீங்கள் நம்பலாம், நீங்கள் என் சின்னம்மா. செல்வியக்கா ஏன் நம்பவேண்டும்? நான் ஏன் என்னை நம்பவேண்டும்?

அதனால்தான் உங்களுக்குத் தனியே சொல்லவேண்டியதை எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உறுதிக்கு இரண்டு சாட்சி காணும். எனக்குக் காணாது. இதை வாசிக்கிற இறுப்பிட்டிச் சனமே, என்னைப் பஸ்ஸில் கண்டால் புது மெசின் எப்படி என்று கேட்கவேண்டாம். எழுதிக் குடுத்திட்டியோ என்று கேளுங்கள். கடையில் கேளுங்கள், கோயிலில் கேளுங்கள், செல்வியக்கா பக்கத்தில் நிற்கும்போது கேளுங்கள். நான் எரிந்து விழுவேன். விட்டுவிடாமல் கேளுங்கள்.

சின்னம்மா, மாரி மழைக்கு முன் அந்த மூன்று பரப்பும் செல்வியக்காவின் பேரில் இருக்கும். இது என் வாக்கு. இருக்காவிட்டால், நீங்கள் விட்ட பிழை என்று இனி நான் சொல்ல ஏலாது. அது நான் தெரிந்து செய்த களவு.

உங்கள் பெறாமகள்,
இன்றைய திகதி வரை பதினொரு பரப்புக்கும் உறுதிக்காரி,
தர்சினி
இறுப்பிட்டி, புங்குடுதீவு